கத்தி படாத முடி

அரிந்த செருப்பு ரப்பரின் வாடையும் நகப்பூச்சின் நெடியும் சேர்ந்து அடித்தால், எங்கள் வீட்டில் அக்கா ‘தவளை’ கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். கல்லலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கண்மாயில், தாமரை இலைக்கடியில் கிடக்கும் விராலுக்கு மண்புழுவெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. தத்திப் போகிற தவளையைக் கண்டால்தான் பாயும். அதனால் பதின்மூன்று வயது அக்கா, தேய்ந்த ரப்பர் செருப்பில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, அடியில் தூண்டில் ‘முள்’ளைச் செருகி, பின்பக்கம் இரண்டு கால்களாக எதையாவது நூலால் இறுக்கிக் கட்டி, கட்டு அவிழாமலிருக்க நகப்பூச்சைத் தடவிக் காயவைப்பாள். அந்த ‘எதையாவது’தான் அவளுக்குத் தீராத தலைவலி. சேவல் இறகு நனைந்ததும் சுருண்டது, சாக்கு நூல் விறைத்துக்கொண்டது, அவளுடைய சுருட்டை முடியோ ஈரத்தில் பந்தாகிப்போனது. இழுத்தால் ஒடுங்கவும் நிறுத்தினால் தண்ணீரில் விரியவும் தெரிந்த மெல்லிய முடி அவளுக்கு எட்டிய தூரத்தில் ஒரே தலையில்தான் இருந்தது. அது என் தலை.

எனக்கு அப்போது ஏழு வயது. கைக்குழந்தையாக இருந்தபோது ‘இழுப்பு’ என்கிற வலிப்பு வந்து கண் செருகிக் கிடந்தேனாம். அப்போது அம்மா குன்றக்குடி முருகனுக்கு நேர்ந்துகொண்டார்: ஏழு வயது வரை கத்தி படாமல் வளர்த்து, பிறந்த முடியை அப்படியே கொண்டுவந்து இறக்குவதாக. நானும் இரட்டைச் சடையோடு பள்ளிக்கூடம் போய், பையன்களின் கேலியையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எண்ணெய் வைக்கும்போதெல்லாம், “இது ஒன் முடியில்லடா, சாமி முடி” என்பார் அம்மா.

ஒரு விடுமுறை நாளில் தூங்கி எழுந்தபோது அக்கா மும்முரமாக நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். தவளைக்குச் செம்பட்டை பாய்ந்த இரண்டு கால்கள். பிடரியைத் தொட்டுப் பார்த்தேன். சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு கொத்தைக் காணோம். அழப்போன என் வாயைப் பொத்திவிட்டு, மீன் சிக்கியதும் கட்டை அவிழ்த்து முடியைப் பத்திரமாக எடுத்துவைப்பேன், கோயிலில் மற்றதோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்றாள். சாமியிடம் இரவல் வாங்கலாம் என்பது அவள் நினைப்பு. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

சாயங்காலம் கண்மாயில் வீசினாள். தவளை இலையிலிருந்து இறங்கித் தண்ணீரில் நின்றது, அவள் ஆசைப்பட்டது போலவே கால்கள் விரிந்தன. தண்ணீர் வெடித்தது. கம்பு வளைந்தது, அக்கா குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்தாள், தூண்டில் ‘நரம்பு’ தாமரைத் தண்டில் சுற்றிக்கொண்டு படக்கென்று அறுந்தது. சாமி முடி விராலின் வாயோடு போய்விட்டது. அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

கோயிலுக்குப் போக இரண்டு வாரம் இருந்தது. இழுப்பு திரும்ப வந்து நான் செத்துப்போவேன் என்று நிச்சயமாக நம்பினேன். லேசாகத் தலை வலித்தாலும் அதுதான் வந்துவிட்டது என்று அக்காவைத் தேடி ஓடினேன். அக்காவின் பயம் அதற்கும் மேலே. இழுப்பு வந்தால் கையில் இரும்பு கொடுப்பார்கள் என்று பழைய பூட்டுச் சாவி ஒன்றை என் கால்சட்டைப் பையில் போட்டு, குளிக்கப் போகையில்கூட அதைக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். அம்மா சீப்பை எடுக்குமுன் ஓடிவந்து அவளே சடை பின்னி, வெட்டிய இடத்தைப் பூ வைத்து மறைத்தாள். மாலையானால் அந்த விராலைத் தேடிக் கண்மாய்க்கு ஓடுவாள். சிக்கிய மீன் ஒவ்வொன்றின் வாயையும் பிளந்து பார்ப்பாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை ஏன் இப்படித் துரும்பாக இளைக்கிறான் என்று அம்மா கலங்கியது எங்களை இன்னும் உலுக்கியது.

குன்றக்குடியில், முடி இறக்குபவர் என் தலையை நனைத்துச் சடையை அவிழ்த்ததும் அவர் கை நின்றது. இங்கே ஏற்கெனவே கத்தரி பட்டிருக்கிறதே என்றார். அம்மா குனிந்து பார்த்துவிட்டு என்னைத் தன்னோடு சேர்த்து இறுக்கிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சிறுபிள்ளைகள் செய்ததற்குச் சாமி கோபித்துக்கொள்ளாது, வேண்டுமானால் தாய் தன் கூந்தல் நுனியில் கொஞ்சம் ‘பூமுடி’ கொடுத்தால் போதும் என்று முடி இறக்குபவர் ஆறுதல் சொன்னார். அம்மா கொண்டையை அவிழ்ப்பதற்குள் அக்கா முடி இறக்குபவர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

“நான்தான எடுத்தேன். எனக்கு முழுசா எறக்குங்க.”

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். “என்ன ஆத்தா சொல்றீக? பொம்பளப்பிள்ளையா இருக்கே.”

“அவனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் என்னம்மா செய்வேன்?” என்றாள் அக்கா. அம்மா அவளுடைய சடையைத் தானே அவிழ்த்துவிட்டார்.

இரண்டு மொட்டைத் தலைகளும் சந்தனத்தோடு பஸ்ஸில் ஊர் திரும்பின. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம் முழுக்கக் கேலி அக்காவுக்கு. அதற்காக அவள் ஒரு நாளும் அழவில்லை. தூண்டிலை மட்டும் பிறகு தொடவே இல்லை.

இப்போது காரைக்குடிக் கடைகளிலேயே தூண்டிலுக்கான ரப்பர் தவளைகள் தொங்குகின்றன. போன கோடையில் ஒன்றை வாங்கிக்கொண்டு, அக்காவையும் என் மகளையும் கண்மாய்க்குக் கூட்டிப்போனேன். தாமரையை அழித்துவிட்டார்கள், விரால் மிச்சம் இருக்கிறதா என்பதே சந்தேகம். ஐம்பதை நெருங்கும் அக்காவிடம், ஒரு தடவை வீசிப் பாரேன் என்று கம்பை நீட்டினேன். வாங்கவில்லை. முள்ளின் பின்னால் தொங்கிய கறுப்புக் குஞ்சத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் மகளைப் பக்கத்தில் இழுத்து, சடையை ஒதுக்கி, அவள் பிடரியைத் தடவிப் பார்த்தாள்.