பக்கத்து வீட்டுக் கோழிக் கருவாடு

இந்த மாதம் எங்கள் கோழிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. பக்கத்து வீட்டு தாஸ்தான் ஏதோ செய்துவிட்டார் என்று முதலில் நினைத்தேன். அப்படி நினைக்க ஆசையாகவும் இருந்தது…

வடசென்னை எர்ணாவூரில் எங்களுக்கும் தாஸுக்கும் ஒரே சுவர். இரண்டு வீட்டிலும் நாட்டுக்கோழி. எங்கள் வீட்டில் வளர்ப்பது என் மனைவி ஸ்டெல்லா. நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். கொருக்குப்பேட்டை ரயில்வே கூட்ஸ் யார்டில் மூட்டை தூக்கினேன், லாரி கிளீனராக ஊர் ஊராகச் சுற்றினேன். முதுகு போன பிறகு வீட்டில் இருக்கிறேன். இப்போது எங்கள் அடுப்பு எரிவது ஸ்டெல்லா விற்கும் முட்டையால்தான். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, நிலவரம் அது.

ஆனால் தாஸின் கோழிகள் இருக்கின்றனவே… ஆளுங்கட்சிக் கவுன்சிலர் மாதிரி நடக்கும். எங்களுடையவை ரேஷன் க்யூவில் நின்று களைத்த மாதிரி இருக்கும். முட்டைக்குத் தெருவே முதலில் அவர் கதவைத்தான் தட்டும். அங்கே தீர்ந்தால்தான் இங்கே.

போதாததற்குத் தினமும் காலையில் அவர் வீட்டு அண்டாவில் மீன் கொதிக்கும் வாசனை வேறு.

"பாத்தியா, தெனம் மீன் கொழம்பு," என்று ஸ்டெல்லாவிடம் புலம்புவேன்.

"அவரு வூட்ல இன்னா வேகுதுன்னு நீ ஏன் மோந்துகினு கீற?" என்பாள்.

ஒருநாள் தாஸ் பைக்கில் ஒரு மூட்டையோடு வந்தார். சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தேன். கோழிக் கருவாடு. நாம் தின்னத் தேறாத பொடி மீனைக் காயவைத்துத் தீவனத்துக்கென்றே விற்பார்கள். அதற்கு அப்படித்தான் பெயர். ஆக, இதுதான் ரகசியம்.

நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் ஜெயித்ததாக ஆகிவிடாதா? மறுநாளே காசிமேடு மீன் துறைமுகத்தில் ஒரு மூட்டை வாங்கி வந்தேன். வேறு இடமில்லாமல் குழாயடிக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்படியே இடித்து, தவிட்டில் கலந்து போட்டேன். கோழிகள் விழுந்தடித்துத் தின்றன.

சில நாளில் கழிச்சல். இறகு சிலிர்த்து மூலையில் ஒடுங்கின. பிறகு பாதிக்கு மேல் சாவு.

கால்நடை மருத்துவமனையில் டாக்டரம்மா செத்த கோழி ஒன்றை அறுத்துப் பார்த்து, அதோடு நாங்கள் போட்ட கருவாட்டையும் வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் எங்களைக் கூப்பிட்டார்.

"சால்மோனெல்லாங்கிற கிருமி. உங்க கருவாட்டுலயும் அதேதான் இருக்கு. மணல்ல காயப்போடுறாங்க, காக்கா, எலி, நாய் எல்லாம் அதுமேலதான். நீங்க ஈரத்துல வேற வெச்சிருக்கீங்க. கெட்ட நாத்தம் வரலையா?"

"கருவாடுதானே மேடம்… நாறாம?"

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். காசிமேட்டுக்கும் எண்ணூருக்கும் நடுவே பிறந்தவனிடம் கருவாடு நாறியதா என்று கேட்டால் வேறென்ன சொல்வது?

"நான் சொல்றவரைக்கும் முட்டை யாருக்கும் குடுக்காதீங்க. மனுஷங்களுக்கும் வரும்," என்றார்.

ஸ்டெல்லா வீட்டுக்கு வந்து, கூடையிலிருந்த முட்டைகளைக் குழி தோண்டிப் புதைத்தாள். அதைப் பார்க்கத் தாங்காமல்தான் சுவரோரம் போனேன்.

"இன்னாப்பா தாஸு, நீயும் அந்தக் கருவாட்டத்தான போடுற? உன் கோழி மட்டும் எப்படி நல்லா கீது?"

"பச்சையாவா போட்ட மாமு? அண்டால போட்டு நல்லா கொதிக்கவுட்டு, ஆறுனதும் அன்னிக்கே போட்டுரணும். தெனம் காலைல வேகவெக்கிறனே, உனக்கு வாசனை வர்ல?"

"வந்துச்சு. மீன் கொழம்புன்னு நெனச்சேன்."

"தெனம் மீன் கொழம்பு வெக்க நான் இன்னா மீன்புடி போட்டு ஓனரா? எங்க வூட்ல ரசம்தான் நைனா."

கவனித்தீர்களா? சுவருக்கு மேல் தெரிவது எப்போதும் பாதிதான். மீதியை நம் வயிற்றெரிச்சலே சமைத்துக்கொள்கிறது.

அன்று மாலை தாஸ் பிளீச்சிங் பவுடரோடு வந்தார். என் முதுகு வளையாது என்று தெரிந்து, கோழிக் கொட்டகையை அவரே தேய்த்துக் கழுவினார். கை காலைக் கழுவிவிட்டுத்தான் தன் வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு கூடை முட்டை.

"உன் கோழி தேர்ற வரைக்கும் உன் கஸ்டமருக்கு இத்த வித்துக்கோம்மா," என்று ஸ்டெல்லாவிடம் நீட்டினார்.

"எவ்ளோ நல்ல மனுசன்," என்றாள் அவள். கல்யாணமான இத்தனை வருடத்தில் என்னைப் பற்றி ஒருமுறைகூட அவள் வாயில் வராத வார்த்தை.

கொழுத்த கோழிகளையாவது பொறுத்துக்கொள்ளலாம்… இதை எப்படிப் பொறுப்பது?