ஸ்டெல்லா எழுதி வைத்த பிழை

குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டத்தில், ஏலக்காய் உலர்த்தும் அறைக்கு வெளியே நின்றிருந்தபோது போன் வந்தது. "ஸ்டெல்லா போயிட்டாங்கண்ணே. நெஞ்சு வலின்னாங்க, அவ்வளவுதான்." அலுவலகத்தில் பல ஆண்டுகளாக எனக்கு எதிர் மேசையில் இருந்தவர். எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, கோபம். நாற்பத்திரண்டு போகிற வயதா?

அடக்கத்தன்று ஒருவர் என் காதருகே, "நல்ல மனுஷி, ஆனா சந்தேகப் பிராணி" என்றார். ஸ்டெல்லாவை அறிந்த உங்களில் பலரும் அப்படிச் சொல்லியிருப்பீர்கள். நானும் சொன்னவன்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போடியில் நாங்கள் செய்வது, உலர்த்தும் அறையின் சூட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி. ஒருமுறை அதன் மென்பொருள் சில மணி நேரம் ஓடியதும் உறைந்துபோனது. சூடு மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. வேலைக்கென்று கணினியில் வாங்கிய நினைவகத்தை அது திருப்பிக் கொடுக்காமல், இடமே இல்லாமல் நிரப்பிவிடுகிறது என்று சந்தேகம். அதைப் பிடிக்கவென்றே ஒரு சோதனைக் கருவி உண்டு. நான் அதை ஓட்டினேன். ஒரு திருத்தமும் செய்யாமலே, "பிழை எதுவும் இல்லை" என்று வந்தது. மலையில் தங்கராசு என்ற விவசாயி, பருவத்தின் முதல் பறிப்போடு பெட்டிக்காகக் காத்திருந்தார். காய் கருகினால் அவருக்கு அந்த வருஷமே போச்சு.

"வெரசா ஏத்துங்கப்பா, ஜீப்பு நிக்குது" என்றார் முதலாளி.

ஸ்டெல்லா பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "தப்பு இல்லேன்னு சொல்லுதே, மொதல்ல அது தேடிப் பாத்துச்சான்னு கேளுங்க. அதுவரைக்கும் ஜீப்பு நிக்கட்டும்."

பிறகு நிரலில் வேண்டுமென்றே ஒரு தப்பான வரி எழுதினார்: நினைவகத்தை வாங்கு, திருப்பிக் கொடுக்காதே. மறுபடி ஓட்டினோம். கருவி அப்போதும் "பிழை எதுவும் இல்லை" என்றது. திரையை மேலே தள்ளிப் பார்த்தால், முதல் வரியிலேயே எச்சரிக்கை: கருவி வேலை செய்யத் தேவையான துணை நிரலை, அதாவது அதன் லைப்ரரியை, ஏற்ற முடியவில்லை. எங்கள் மென்பொருள் பழைய முப்பத்திரண்டு பிட் வகை. நான் நிறுவியிருந்ததோ அறுபத்து நான்கு பிட் லைப்ரரி; ஒன்றோடு ஒன்று சேராது. காவல்காரன் வேலைக்கே வரவில்லை, திருட்டு இல்லை என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

சரியானதை நிறுவினோம். முதலில் ஸ்டெல்லாவின் பிழை வந்தது. அதற்குக் கீழே நிஜப் பிழை, நான் எழுதிய பகுதியில். எனக்குத் தலை நிமிரவில்லை. அவர், "டீ சொல்லுங்கண்ணே, உக்காந்து சரிபண்ணுவோம்" என்றார்.

எல்லாவற்றிலும் அவர் அப்படித்தான். அலுவலகத்தில் புதிதாக மாட்டிய தீ எச்சரிக்கை மணிக்குக் கீழே, காகிதத்தைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு நாற்காலி மேல் நின்றார். நாங்கள் சிரித்தோம். மணி அடிக்கவில்லை.

இது சந்தேகப் புத்தி என்றால், அது எல்லோருக்கும் வேண்டும். வெறும் நம்பிக்கையை வைத்து ஊரான் வீட்டுக் காயைக் கருக்க எவனுக்கு உரிமை இருக்கிறது?

அந்தத் தப்பான வரி எங்கள் சோதனையில் இன்றும் இருக்கிறது. போன வாரம் முதலாளி, "அவங்கதான் இல்லையே, அத எடுத்துரு. வர்றவங்க அறிக்கையப் பாத்துப் பயப்படுறாங்க" என்றார். எடுக்க மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். ஸ்டெல்லாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வரிதான். ஒவ்வொரு பெட்டிக்கும் முதலில் அவருடைய பிழை திரையில் வர வேண்டும். வராத நாளில், யார் கத்தினாலும் சரி, ஜீப்பு நிக்கட்டும்.