அடைத்துவிட்ட பல்லுச் சந்து

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிங்காநல்லூரில் ஒரு ஸ்டுடியோவில் டச்சிங் வேலை பார்த்தேன். அடியில் விளக்கெரியும் கண்ணாடிமேல் நெகட்டிவை வைத்து, ஊசியாகச் சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழே உள்ள கருப்பையும் மறைக்க வேண்டும். முகம் மாறிவிட்டதென்று யாரும் சண்டைக்கு வந்ததில்லை. எனக்கும் உறுத்தியதில்லை.

காங்கேயத்துத் தேங்காய் எண்ணெய் மில்காரர் ஒருவர் தீபாவளி மலருக்கு விளம்பரப் படம் கேட்டு வந்தார். "சினிமா மூஞ்சி வேண்டாமுங்க. நம்ம ஊட்டுப் பொம்பளையாட்ட இருந்தாப் போதும்" என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். என் மனைவிக்கு இடுப்புக்குக் கீழே இறங்கும் கூந்தல். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தேன்.

அவளுக்கு முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே சந்து உண்டு. பெண் பார்க்கப் போன அன்று, நான் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்ததைப் பார்த்து, காபி தம்ளரும் கையுமாக வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்தச் சந்தைப் பார்த்துத்தான் நான் சரியென்றேன். அதை அவளிடம் சொன்னதில்லை. இதையெல்லாம் போய்ச் சொல்வார்களா என்று இருந்துவிட்டேன்.

ஸ்டுடியோவிலும் அப்படியே சிரித்தாள். படம் அருமையாக வந்தது. மில்காரர் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லா இருக்குதுங்க தம்பி. அந்தப் பல்லுச் சந்தை மட்டும் அடைச்சுப்போடுங்க" என்றார். அடைத்தேன். பொய் சொல்லக் கூடாது, மற்றவர்களுக்குச் செய்வதைவிட நன்றாகவே செய்தேன்.

மலர் வந்ததும் வீட்டுக்கு ஓடினேன். "சந்து எங்க இருந்துச்சுன்னே தெரியல பாரு அம்மணி" என்று விரல் வைத்துக் காட்டினேன். வேலை தெரிந்தவன் என்ற பெருமை. மடையன். அவள் வெகுநேரம் பார்த்தாள். "நல்லாத்தானுங்க இருக்குது" என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு சிரிப்பு வந்தால் அவள் முந்தானை வாய்க்குப் போய்விடும்.

அந்தச் சிரிப்புக்கு நான் ஏங்கிப்போனேன். சினிமாவுக்குக் கூட்டிப்போய், காமெடிக் காட்சிகளில் திரையை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன். இருட்டிலும் கை வாயில்தான் இருக்கும். என் வீட்டுக்குள்ளேயே எனக்கு ஒரு ஆள் குறைந்துபோயிருந்தது.

இரண்டு வருடம் கழித்து, ஸ்டுடியோ டப்பாக்களைக் கிளறி அந்த நெகட்டிவை எடுத்தேன். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, சந்தை அடைத்திருந்த பென்சில் கோடுகளைத் துடைத்தேன். பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இந்தச் சந்தைப் பாத்துத்தான் உன்னையக் கட்டுனேன்" என்றேன்.

அவள் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, அன்னிக்கு அடைச்சு முடிச்சுப் பாத்தீங்கல்ல. இதுதான் நல்லா இருக்குதுன்னு ஒருக்காகூட நெனைக்கலீங்களா?"

நினைத்திருந்தேன். இல்லையென்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம் ஆகிவிட்டது. அதற்குள் அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.