ஒருவேளை அக்கா

வேலைக்குச் சேர்ந்த சூட்டோடு அவளுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஃபிரிட்ஜ் கம்பெனி ஒன்றின் கால் சென்டர். பெட்டி குளிரவில்லை, தண்ணீர் ஒழுகுகிறது என்று கூப்பிடுகிறவர்களுக்கு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும். சுற்றி உட்கார்ந்திருந்ததெல்லாம் படித்து முடித்த கையோடு வந்த பிள்ளைகள். நாற்பதைத் தாண்டியவள் இவள் ஒருத்திதான். அதனால் அக்கா ஆனாள். 'ஒருவேளை' எப்படி வந்தது என்பதுதான் கதை.

அவள் இருப்புக் கொள்ளாத பிறவி. துணிக்கடையில் நின்றபடியே வேலை பார்த்துப் பழகியவள். கடையை மூடிவிட்டார்கள் என்றதும் வீட்டில் என்ன செய்வதென்று தெரியவில்லை. அலமாரியைத் துடைத்தாள், துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் கணவர், இப்படியே போனால் சுவர் தேய்ந்து பக்கத்து வீடு தெரியும் என்று கேலி செய்தார்.

அந்தச் சமயத்தில்தான் கைபேசியில் ஆங்கிலப் பாடங்கள் கேட்க ஆரம்பித்தாள். ஓட்டலில் பேசுவது எப்படி, வங்கியில் பேசுவது எப்படி என்பதெல்லாம் கொட்டாவியை வரவழைத்தன. கொட்டாவி ஏன் வருகிறது என்ற பாடமோ அவளைப் பிடித்துக்கொண்டது. அறிவியல் வழியே ஆங்கிலம் சொல்லித்தரும் பாடங்கள் அவை. நிலா நம்மை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகிறது, ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று இரண்டு பேர் அரட்டை அடிப்பார்கள். நடுநடுவே கடினமான சொற்களுக்குப் பொருள் சொல்வார்கள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடையாய் நடந்தபடி எல்லாவற்றையும் கேட்டுத் தீர்த்தாள்.

ஆங்கிலம் வந்துவிட்டது. ஆனால் விஞ்ஞானிகளின் குணத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது. அவர்கள் எதையும் அடித்துச் சொல்ல மாட்டார்கள். 'பெர்ஹாப்ஸ்' என்பார்கள், ஒருவேளை என்று அர்த்தம். 'எவிடன்ஸ் சஜஸ்ட்ஸ்' என்று ஆதாரத்தின் தலையில் பழியைப் போடுவார்கள். அவளுக்கு மிகவும் பிடித்தது 'வீ டோன்ட் நோ யெட்'. இன்னும் எங்களுக்குத் தெரியாது. பெரிய படிப்புப் படித்த மனுஷன் இப்படிக் கூச்சமே இல்லாமல் சொல்லி அவள் கேட்டதில்லை. கடையில் சாயம் போகுமா என்று யார் கேட்டாலும் சத்தியமாகப் போகாது என்றுதான் சொல்லச் சொல்வார்கள். வீட்டிலும் அதே கதைதான். சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்றால் கணவர் உடனே "நாளைக்குக் கண்டிப்பா" என்பார். அந்த நாளை வராமலே வருடக்கணக்காகிறது. வேனுக்கு டயர், சொந்தக்காரருக்குக் கைமாற்று, இவளுக்கு ஓர் ஊர்ப்பயணம், எல்லாவற்றுக்கும் கண்டிப்பாதான்.

கால் சென்டரில் இந்த ஆங்கிலம் படாத பாடு படுத்தியது. ஃபிரிட்ஜின் பின்னால் ஏதோ சத்தம் என்று ஒரு பெண்மணி கூப்பிட்டார். வேறு கோளாறும் இருக்கலாம் என்று பக்குவமாகச் சொல்ல நினைத்த இவள், பாடத்தில் கேட்டபடி 'டிப் ஆஃப் தி ஐஸ்பர்க்' என்றாள். வெளியே தெரிவது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அந்த அம்மாள் அரண்டுபோய் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். அன்று முழுக்க அந்தத் தளமே சிரித்தது.

டீம் லீடர் நல்ல பையன். வயதில் மிகச் சின்னவன், ஆனாலும் சார். உட்கார வைத்துப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். வாடிக்கையாளருக்கு வேண்டியது 'டெஃபனட்லி', அதாவது நம்ம ஊர் 'கண்டிப்பா'. முதலில் சிரிக்க வேண்டும், சிரிப்பு குரலில் கேட்கும். அப்புறம் ஒரு சின்ன இடைவெளி. அப்புறம் அந்தச் சொல். கடைசியில் மறக்காமல் ஒரு சார் அல்லது மேடம். கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால் அவளுக்குப் பிரமாதமாக வந்தது. ஃபோனில் மனுஷக் குரல் கேட்டதும் நாக்கு பெர்ஹாப்ஸுக்கே ஓடியது. பிள்ளைகள் அதையே தமிழாக்கி அக்காவுக்கு முன்னால் ஒட்டிவிட்டார்கள்.

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மாதக் கடைசியில் முடிவு சொல்வதாக இருந்தார்கள். அவளுக்கு அந்த வேலை வேண்டும். முகம் தெரியாத யாரோ தன்னிடம் ஒன்று கேட்கிறார், தானும் பதில் சொல்கிறோம் என்பதில் அவள் உயிரே இருந்தது. மறுபடியும் அந்த அலமாரியைத் துடைக்க அவளால் முடியாது.

அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். காலையிலிருந்து ஃபிரிட்ஜ் ஓடவில்லை, உள்ளே மனைவிக்குப் போடும் இன்சுலின் இருக்கிறது, இன்றைக்கு ஆள் வருமா என்று கேட்டார். திரையைப் பார்த்தாள். அந்தத் தெருவுக்கு இன்றும் ஆள் போடவில்லை, நாளையும் போடவில்லை. பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த டீம் லீடர், எதிரே ஒட்டியிருந்த தாளில் 'டெஃபனட்லி, சார்' என்ற வரியின் மேல் விரலை வைத்தான். அவள் சிரித்தாள். இடைவெளியும் விட்டாள். பிறகு, இன்றைக்கு ஆள் வருவது சந்தேகம், நாளைக்கு வருமா என்று எங்களுக்கு இன்னும் தெரியாது, மருந்தைப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள் என்று தெளிவான ஆங்கிலத்தில் சொன்னாள். பெரியவர் நன்றி சொல்லி ஃபோனை வைத்துவிட்டார். டீம் லீடர் தாளிலிருந்து விரலை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதன்பிறகு சோறு இறங்கவில்லை. நின்றால் உட்காரத் தோன்றியது, உட்கார்ந்தால் எழத் தோன்றியது. விஞ்ஞானிகளைப் போல ஆதாரம் சேர்த்தாள். காலையில் அவன் வணக்கம் சொன்னான், நல்லது. அடுத்த மாத ஷிப்ட் பட்டியலில் இவளைக் காணோம், கெட்டது. பட்டியலில் இன்னும் சிலரையும் காணோம், ஒருவேளை நல்லதோ என்னவோ.

மாதக் கடைசியில் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டான். திட்டவில்லை. அந்தப் பெரியவர் பேச்சையே எடுக்கவில்லை. மேசைக்கடியில் அவள் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. சுற்றி வளைக்க அவளுக்குப் பொறுமை இல்லை.

"என்னை எடுத்துப்பீங்களா சார்?"

அவன் முதலில் சிரித்தான். அப்புறம் ஒரு சின்ன இடைவெளி.

"கண்டிப்பா, மேடம்."

அன்றுவரை அவளை அக்கா என்றுதான் அவன் கூப்பிட்டு வந்தான். ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. அவன் சொல்லிக்கொடுத்த பாடம் வரிசை மாறாமல் அவளுக்கே வந்திருந்தது. தன் இடத்துக்குப் போய் ஹெட்செட்டின் வயரைச் சுற்றி வைத்தாள். தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் கணவர் டீ போட்டு வைத்துக் காத்திருந்தார். வேன் ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம், என் பொண்டாட்டி இங்கிலீஷில் பேசித்தான் வேலை பார்க்கிறாள் என்று.

"என்ன சொன்னாங்க? வேலை நிரந்தரம் ஆயிடுமா?"

ஆகாது போலத்தான் தெரிகிறது என்ற வாக்கியம் தயாராக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கொஞ்சம் நிறுத்தினாள்.

"கண்டிப்பாங்க."

அந்த ஒரு சொல்லை வைத்தே இத்தனை வருஷமாகக் குடும்பம் நடத்தியவர் அவர். அதன் உள்ளும் புறமும் அவருக்குத் தெரியாததா? கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். டீயை அவள் பக்கம் நகர்த்திவிட்டு வெளியே போனார். வேனிலிருந்து ஸ்பேனரை எடுத்து வந்து, சமையலறைக் குழாயைக் கழற்ற ஆரம்பித்தார்.