ஐஸ் மிசினுக்கு ஒதுக்கிய மூலை

எங்கள் கரையில் நண்டு உண்டு, ஐஸ் கிடையாது. என் ராத்தா, கூடப்பிறந்த அக்கா, படகுக்காரர்களிடம் நண்டு வாங்கிக் கம்பெனி வண்டிக்குப் போடுகிறவள். தினமும் காலையில் ராமநாதபுரம் போய் ஆட்டோவில் ஐஸ் ஏற்றி வருவாள். ஐஸ் குறைந்த அன்று நண்டு பதம் கெட்டுவிடும். வண்டிக்காரர் மூக்கைச் சுளித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவளுக்காகத்தான் திருப்பாலைக்குடியில் ஒரு சின்ன ஐஸ் மிசின் போடுவதென்று, வளைகுடாவில் வேலை பார்க்கும் என் மனைவியின் அண்ணன்மார் மூவரோடு கூட்டுச் சேர்ந்தேன். தாளில் ஒரு கட்டம் போட்டு நடுவில் 'மிசின்' என்று எழுதினேன். நான் வரைந்த உருப்படியான படம் அது ஒன்றுதான்.

எங்கள் திட்டம் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வளர்ந்தது. மச்சான்மாருக்கு அன்றுதான் லீவு. ஜும்ஆ தொழுகை முடித்து, பிரியாணி சாப்பிட்டு, படுத்துக்கொண்டே வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார்கள்.

"ஐஸ் இருக்குற இடத்துல ஜூஸ் கடை போடலேன்னா எப்படி மாப்ள?" என்றார் பெரியவர். அடுத்த வாரம் நடு மச்சான், "ஃபேமிலியா வந்தா உக்கார ஏசி ரூம் வேணும்ல?" என்றார். செல்ஃபி எடுக்க வாசலில் ஒரு குட்டிப் பாம்பன் பாலம் கேட்டார் சின்னவர்.

பெண் கொடுத்த வீட்டாரிடம் மறுத்துப் பேச எனக்கு வாய் வராது. ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரல் படம் போட்டேன். தாளில் மிசினை அழித்து அழித்து மூலைக்குத் தள்ளினேன். கடைசியில் அந்த மூலையில் கை கழுவும் தொட்டி வந்தது. மிசினை இரண்டாம் கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏகமனதாக முடிவானது.

ஜூஸ் கடைத் திறப்பு விழாவும் வெள்ளிக்கிழமைதான். மச்சான்மார் வீடியோ காலில் இருந்தார்கள். துஆ ஓதி முடித்து, வந்தவர்களுக்கு ரோஸ்மில்க் ஊற்றப் போனோம். கொளுத்தும் வெயில். ஐஸ் இல்லையென்பது அப்போதுதான் எங்கள் ஞாபகத்துக்கு வந்தது.

ராத்தா காலையில் வாங்கி வந்த ஐஸ் அவள் பெட்டியில் இருந்தது. படகுகள் இன்னும் கரை சேரவில்லை. "எடுத்துக்கிட்டுப் போலே. வந்த சனத்துக்கு வெதுவெதுன்னா குடுப்ப?" என்று அவளே மூடியைத் திறந்தாள். ரோஸ்மில்க் பிரமாதம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

சாயங்காலம் வண்டிக்காரர் வெறும் வண்டியோடு திரும்பினார். ராத்தா அன்றைய நண்டு முழுவதையும் மணலில் கொட்டினாள். பெட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "ஏலே, மிசின் எப்ப வரும்?"



"வார வெள்ளிக்கிழமை மச்சான்மார்ட்ட கேட்டுச் சொல்றேன் ராத்தா" என்றேன்.