சனிக்கிழமை ஊசி

எழுபதுகளின் கடைசியில் புதுச்சேரியில் ஒரு பஞ்சாலையில், பாவு நூலுக்குக் கஞ்சி போடும் பிரிவில் வேலை பார்த்தேன். எந்நேரமும் கொதிக்கிற ஆவி. கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. என் அம்மா தினமும் காலையில் என் மனைவிக்கு ஒரு கசாயம் காய்ச்சிக் கொடுப்பாள். அதன் வாடையே குடலைப் புரட்டும். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி தின்பேன். தை பிறந்தால் அவளை விழுப்புரத்தில் அவள் அப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டு எனக்கு வேறு பெண் பார்ப்பதாக, அந்த வருடம் அம்மா கெடு வைத்தாள்.

பயந்துபோய்ச் சித்திரையில் யாருக்கும் தெரியாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். விந்தணு இருக்கிறது, ஆனால் குறைவு என்றார் டாக்டர். விதைக்குச் சூடு ஆகாது, வேறு பிரிவுக்கு மாற்றிக் கேளுங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார். மாற்றிக் கேட்டால் மேஸ்திரி காரணம் கேட்பார். என்னவென்று சொல்வது? கேட்கவில்லை. வீட்டிலும் வாய் திறக்கவில்லை. நான் கோழை, அதைச் சுற்றி வளைப்பானேன்.

மூலக்குளத்தில் ஊசி போடுகிற ஒருவர் இருந்தார். ஆண் ஹார்மோன் ஊசி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். ஆலையில் கஞ்சி நீர்த்துப்போனால் மாவைக் கூட்டுவோம். அதே கணக்கை என் உடம்புக்கும் போட்டேன். ஆறு மாதம் சனிக்கிழமை தவறாமல் ஊசி. கை கால் முறுக்கேறியது. ஆண்பிள்ளை ஆகிவிட்டேன் என்று நம்பினேன்.

கார்த்திகையில் மறுபடி சோதனைக்குக் கொடுத்தேன். முடிவு கேட்கப் போனபோது மனைவியையும் அழைத்துப் போனேன், நல்ல சேதியை அவளும் கேட்கட்டும் என்று. அவளிடம் சொன்னது வேறு: உன்னை டாக்டரிடம் காட்டலாம் வா என்றேன். நோயாளி தான்தான் என்று நினைத்து, தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள்.

ஒரு அணுகூட இல்லை என்றது ரிப்போர்ட். என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். ஊசியைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மூளைக்கு அடியில ஒரு சுரப்பி இருக்கு. அது ரெண்டு ஹார்மோன அனுப்பினாத்தான் விதையில வேலை நடக்கும். ரத்தத்துல ஆண் ஹார்மோன் ஏறினா, போதும்னு அதுக்குத் தெரியும், அனுப்பறத கொறைச்சிக்கும். நீங்க வெளியிலேருந்து ஏத்திட்டீங்க. அது அடியோட நிறுத்திடுச்சு. விதைக்குள்ளயே சுரக்க வேண்டிய ஆண் ஹார்மோன் அளவு இந்த ஊசியில கெடைக்காது."

"நிறுத்திட்டா வந்துடுங்களா?"

"வரலாம். ஒரு அணு உருவாகவே ரெண்டரை மாசம் ஆவும். அதுக்கு முன்னாடி அந்தச் சுரப்பியோட உத்தரவு திரும்ப வரணும். எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது."

தைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவன் நான்.

பஸ் நிறுத்தத்தில்தான் அவள் பேசினாள்.

"கொறை உங்க பக்கம்னு எப்ப தெரியும்?"

"சித்திரையில."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்ப நாளைக்கு நான் அந்தக் கசாயத்த குடிக்கணுமா?"

வேண்டாம், நானே அம்மாவிடம் சொல்கிறேன் என்றேன். சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் அம்மா டம்ளரை நீட்டினாள். மனைவி அதை வாங்காமல் என் முகத்தைப் பார்த்தாள். என்ன வேடிக்கை, குடிடி என்றாள் அம்மா. நான் தலையைக் குனிந்து இட்லியைப் பிட்டேன்.

அவள் குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்த் துணிகளைப் பெட்டியில் எடுத்து வைத்தாள். தை பிறக்கும்வரை அவள் காத்திருக்கவில்லை.