கெண்டைக்கால் வலியும் கல்யாணச் சேலையும்

மலேசியாவின் தங்காக் ஊரில் நான் வேலை செய்யும் துணிக்கடையின் முகப்புக் கண்ணாடிக்கு ஒரு பெரிய ரசிகர் இருந்தார். ஒல்லியான உடம்பு, இஸ்திரி போட்ட சட்டை, விரலிடுக்கில் சிகரெட். தினமும் காலையில் வந்து கல்யாணச் சேலையை முறைத்துப் பார்ப்பார். பிறகு சாதாரணமாக நடந்துபோய் அடுத்த கடைக் கண்ணாடி முன் நிற்பார். மகளுக்கு எத்தனை கல்யாணமோ என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் வெளியே போய்க் கேட்டேன். "அங்கிள், சேலை எடுக்கப் போறீங்களா, இல்ல சும்மாவா?"

"கொஞ்சம் நடந்தாலே கெண்டைக்கால் இழுக்குதும்மா. நின்னா விட்டுடும். சும்மா நின்னா ஒரு மாதிரி பாப்பாங்க லா, அதான் சேலைய பாக்குறேன்."

கால் போனாலும் கௌரவம் போகக்கூடாது, பாவம்.

"காலுக்கு ரத்தம் சரியா போகல, அங்கிள். எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு. கடைசியில முட்டிக்குக் கீழ காலையே எடுத்துட்டாங்க. சிகரெட்ட விட்டுட்டு டாக்டர பாருங்க."

"வயசானா எல்லாருக்கும் வலிக்கும்லா" என்று சிரித்தார். புகையை மட்டும் மரியாதையாக அந்தப் பக்கம் ஊதினார்.

மறுநாளிலிருந்து அவர் எதிர்வரிசைக் கடைகளின் முன் நிற்கிறார். அங்கே யாரும் காலைப் பற்றிப் பேசமாட்டார்கள். நல்லது. நிற்கக் கால் இருக்கும்வரை நிற்கட்டும். நான்தான் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு, எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று இங்கிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்றைவிட இன்று அதிக நேரம் நின்றார்.